புள்ளி வைத்த இரவுகள்

ஒரே தெருவில் மூன்று ஜெப ஆலயங்கள்.
பஃபலோ நகரத்து ஈரி ஏரிக்காற்று
மூன்றையும் சமமாகவே அறைந்தது.
லித்வேனியக்காரர் கலீசியக்காரரோடு பேசமாட்டார்.
இருவருக்குமே ஜெர்மன்காரர்களின் ஆர்கன் சத்தம்
ஆகவே ஆகாது.

சேர்ந்து வாங்கினால் பிரதிக்குப் பதினோரு சென்ட் மிச்சம்
என்று கணக்குப் போட்டவள் ஃப்ரூமா ஸெல்னிக்,
மரக்கடையில் கணக்கெழுதுபவள்.
பதினோரு சென்ட்டுக்காகப் பகை
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

நாற்பத்தேழாம் வருஷம், டிசம்பர்.
பெட்டியைப் பிரித்தார்கள்:
நானூற்றுப் பன்னிரண்டு எபிரேயப் பாடநூல்கள்.
எழுத்துகள் இருந்தன. அடியில் புள்ளிகள் இல்லை.
மலிவு அச்சகம்
உயிரை விலையில் சேர்க்கவில்லை.

தமிழில் மெய்யின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் இறங்கிப் போய்விடும்.
அங்கே தலைகீழ்.
காலடியில் புள்ளி விழுந்தால்தான்
எழுத்து வாய் திறக்கும்.
ஏழு வயதுக்காரனுக்குப் புள்ளியில்லாத பக்கம்
வெறும் வேலிக்கம்பி.

சனிக்கிழமை, மூன்று நட்சத்திரம் தெரிந்ததும்
(எங்கே தெரிந்தது? பனி. கடிகாரத்தை நம்பினார்கள்)
ப்ளாட்கின் செருப்புக்கடை மாடியில்
பதினேழு பெண்கள், நான்கு ஆண்கள்,
ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கறுப்பு மை.
விடிவதற்குள் அறுபது புத்தகம்.
பிளான்ச் டானன்ஹோல்ட்ஸுக்கு
ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது;
பூத்தையல்போல் பார்த்துப் பார்த்து வைத்தாள்.
அவள் புள்ளிகள்தான் ஒன்றுகூடக் கலங்கவில்லை.
மனைவியை இழுத்துப்போக வந்த கலீசியக்காரர்
மைக்கூடு காலியானதைப் பார்த்து
வாங்கிவரப் போனார்.

ஐந்து சனிக்கிழமையில் முடிந்தது.
ஆறாவதில் வேலை இல்லை.
ஒன்பது பேர் வந்தார்கள்.
யூதக் கல்வி வாரியம் என்ற பலகை
அதற்குப் பின் இரண்டு வருஷம் கழித்து.

மிச்சத்தை ஃப்ரூமாவின் பேரேடு சொல்கிறது.
ஸ்டென்சில் இயந்திரம் ஒன்று, பழையது.
ஆசிரியர் லிஃப்ஷிட்ஸுக்கு ஒன்றாம் தேதியே சம்பளம்;
பக்கத்தில் சிறிய எழுத்தில்,
‘நம்பாமல் இரண்டு தரம் எண்ணினார்.’
ஐம்பத்திரண்டில் பக்கமே காலி.
எழுத்தின் கீழ்க்கோடு ஓகாரமா ஆகாரமா என்று
வருஷம் முழுக்கச் சண்டை.
பிறகு ஒரு வேன். பனிக்கு அதன் சக்கரச் சங்கிலி.
காது கேளாத ஒரே ஒரு பையனுக்கு
முழுநேர ஆசிரியை.
எழுபத்தொன்பதில் ஒடேசாவிலிருந்து
இருபத்தாறு குடும்பம்:
‘அப்பாக்களுக்கும் முதல் பாடமே.
நாற்காலிகள் போதாத உயரம்.’
மின்தூக்கி வைத்த கட்டடத்துக்கு
அஸ்திவாரம் தோண்டிய மாதத்தில்
கையெழுத்து மாறுகிறது.
கூட்டல் அப்படியே தொடர்கிறது.

பொன்விழாவன்று கண்ணாடிப் பெட்டியில்
ஒரு பிரதி, முப்பத்தோராம் பக்கம் திறந்தபடி.
நடுவில் மூன்றெழுத்து.
அடியில் கோடுகள் விழுந்தால் ‘சொல்’.
மும்மூன்று புள்ளி விழுந்தால் ‘கொள்ளைநோய்’.
யாருக்கோ தூக்கக் கலக்கம்.
அந்தப் புள்ளிகள் மட்டும் ஊதா நிறம்,
பேரேட்டு மை.

அந்தப் பிரதியில் படித்தவர்
பல் மருத்துவர் மோர்ட்டி கிவர்ட்ஸ்.
ஐம்பத்தெட்டு வயது.
சொல் வரவேண்டிய இடத்தில்
இன்றும் அவர் நாக்கு
கொள்ளைநோயைக் கூட்டிவந்து நிறுத்துகிறது.
மூன்று மூலையிலிருந்து
மூன்று உச்சரிப்பில்
சபை கத்தித் திருத்துகிறது.
தலையாட்டிவிட்டு மேலே வாசிக்கிறார்.
அடுத்த வருஷம் அதே வாரம் வரும்.
கத்துவதற்கு இப்போதே
தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள்.