பிஸ்கட் டப்பா

ஹெக்லா எரிமலைக்குத் தெற்கே
கறுப்பு மணல்.
நான் அங்கே கன்று எண்ணுகிறவன்.
முதல் வருடம் நானூறு பிர்ச் கன்றுகள் நட்டோம்.
பனி உருகியதும் எண்ணினேன்: பதினொன்று.
மறு வருடம் ஆறு.
மூன்றாம் வருடம்
எண்ணக் குனியவே இல்லை.

உரம் போட்டோம், வேலி போட்டோம்,
காற்றைத் திட்டினோம்.
பிடுங்கிப் பார்த்தால் வேர்
நட்ட அன்றிருந்த அதே நீளம்,
கழுவி வைத்தாற்போல் சுத்தம்.
அந்தச் சுத்தம்தான் நோய் என்று
யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்டெய்ன்வோர்
குளிர்காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
ஒரு திங்கட்கிழமை பிஸ்கட் டப்பாவோடு வந்தாள்.
உள்ளே மண்.
ஆடுகள் இறங்க முடியாத பள்ளத்தில்
கயிறு கட்டி இறங்கி,
முறுக்கிக்கொண்டு நிற்கும் கிழட்டு பிர்ச்சுகளின்
காலடியில் சுரண்டியது.
முகர்ந்தேன்:
மழை, ஈரக் கம்பளி, லேசாய்ப் புளித்த மாவு.
கிளறினால் நூலாம்படை போல
வெள்ளை வெள்ளையாய்.

"என்ன இது?"
"அங்கே இருப்பது. இங்கே இல்லாதது."

குழிக்கு ஒரு தேக்கரண்டி.
அலுவலகப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'இதர' என்று எழுதினேன்.
கடைசி வரிசைக்கு வருமுன் டப்பா காலி.

தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள்.
பூஞ்சைக்கு இலை கிடையாது,
வெயிலில் சமைக்கத் தெரியாது.
வேருக்கோ கை எட்டாது.
ஆகவே இருட்டில் ஒரு கடை:
ஒன்று சர்க்கரை அளக்கிறது,
மற்றது
தலைமுடியைவிட மெல்லிய விரலைக்
கல்லிடுக்கில் நுழைத்து
சொட்டு நீரும் சிட்டிகை பாஸ்பரசும்
கொண்டுவந்து கொட்டுகிறது.
யார் எடையில் ஏய்த்தார்கள்,
யார் பாக்கி வைத்தார்கள்
என்பதெல்லாம்
என் நோட்டுக்குள் வராத கணக்கு.

அடுத்த வசந்தம்: இருநூற்றுப் பன்னிரண்டு.
கடைசி வரிசையில் இரண்டு.

ஆறாவது இலையுதிர் காலம்.
எங்கள் காட்டுக்கு என் இடுப்பு உயரம்.
அதன் நிழலில், நிழல் என்று அதைச் சொல்லலாமென்றால்,
பழுப்புக் குடை விரித்து ஒரு காளான்.
நான் தொப்பியைக் கழற்றினேன்,
தொண்டை அடைத்தது.
நோட்டை எடுத்து 'ஒன்று' என்று எழுதி
கீழே ஓடுவதை நினைத்து அடித்தேன்.

ஸ்டெய்ன்வோர் அதற்குள்
கத்தியால் காம்பை அறுத்துவிட்டாள்.
"பழத்தைப் பறித்தால் மரம் சாகுமா?"
அடுப்பைப் பற்றவைத்து
வெண்ணெயில் வதக்கி,
உப்புத் தூவி,
அதே டப்பாவின் மூடியில் வைத்து
பாதியை என் பக்கம் தள்ளினாள்.