இரண்டு பெயருள்ள கட்டை

பியானோ வந்து ஏழு மாதம்.
பம்பலப்பிட்டி வீட்டை விற்றுக் கனடா போனவர்கள்
லொறிக்கூலியை மட்டும் கொடு என்றார்கள்.
நாலு பேர் மூன்றாம் மாடிக்குத் தூக்கியபோது
படித்திருப்பத்தில் அது ஒருமுறை முனகியது.
பிறகு பத்து நாள் நான் தொடவில்லை.

பார்மசி ஒன்பதுக்கு மூடும்.
பத்துக்கு மேல் வாசித்தால்
கீழ்வீட்டு ரிஸ்னாவின் கைக்குழந்தை எழும்பும்.
எனக்கு மிஞ்சுவது நாற்பது நிமிஷம்,
மருந்து வாசம் போகக் கை கழுவ
அதில் ஐந்து.

மருதானைப் பழைய புத்தகக் குவியலில்
அந்தத் தாள்கள் இருநூறு ரூபாய்.
எனக்கு முன்னே வாசித்த யாரோ
இரண்டாம் பக்க ஓரத்தில், பென்சிலால், சிங்களத்தில்
ஹெமின், ஹெமின் என்று எழுதியிருந்தார்.
மெதுவாக, மெதுவாக.
மூன்றாம் பக்கத்தில் அதே சொல்
அழுந்தி அழுந்தித் தாளே கிழிந்திருந்தது.

மழை என்று யாரோ பின்னால் பெயர் வைத்தார்களாம்.
எழுதியவன் வைக்கவில்லை.
நான் வெள்ளவத்தைக்காரி,
ஐப்பசி மழை எனக்குத் தெரியும்.
அது இப்படி ஒரே இடத்தில் நின்று சொட்டாது,
காலி வீதியை வாய்க்காலாக்கிவிட்டு
அடுத்த பஸ் வருமுன்னே வெயிலாகிவிடும்.
ஆகவே முதல் மாதம் எனக்கு மழை கேட்கவில்லை.
ஒரு கட்டை. கறுப்பு. திரும்பத் திரும்ப.
மேலே ஒரு மெட்டு ஆறுதலாக நடந்துபோக
கீழே அது,
மருந்துச்சீட்டோடு நிற்பவர்
கவுண்டர் கண்ணாடியை விரலால் தட்டுவதுபோல.

அந்தக் கட்டைதான் ஒட்டியது.
கடலுக்கும் எனக்கும் நடுவே தண்டவாளம் மட்டும்,
உப்பு எதையும் விட்டுவைப்பதில்லை.
அமுக்கினால் இறங்கும், எழும்பாது.
நகத்தால் கிளப்பி மறுபடி அமுக்குவேன்.
சுருதி சேர்க்க வந்த லயனல்
உள்ளே தலையை விட்டபடி அரைத் தமிழில்
"ஈரம் மிஸ், இந்த ஜி ஷார்ப்" என்றார்.
"ஏ ஃப்ளாட்" என்றேன் நான்.
"பக்கம் திருப்பும்வரைக்கும்" என்றார்.
கழற்றிக் காயவைக்க வேணும்,
சனிக்கிழமை வாறேன் என்று போனவர்
வரவில்லை.

பக்கம் திருப்பினேன்.
ஐந்து இறக்கக் குறிகள் போய் நாலு ஏற்றக் குறிகள்.
அதே கட்டை, அதே துருப்பிடித்த கம்பி,
இடக்கையிலிருந்து வலக்கைக்கு வந்திருந்தது
வேறு பெயரோடு.
மெட்டு அடியில் இறங்கிவிட்டது,
பாரமான காலணிகளோடு.

வீட்டில் நான் வதனி. கவுண்டரில் ரூபி மிஸ்.
வதனரூபி என்று முழுசாய் என் பெயரை
ஒருமுறை டோர்ச் வெளிச்சம் வாசித்தது,
இரண்டாயிரத்து எட்டில், இதே படிக்கட்டில்,
எழுத்து எழுத்தாக, அட்டையைச் சரித்து.
யாரும் ஒன்றும் செய்யவில்லை.
பதிந்துகொண்டு போனார்கள்.
பெயர் மாறவில்லை, உச்சரிப்புக்கூடச் சரிதான்.
பக்கத்தில் நின்ற சுரங்கள் வேறு,
அவ்வளவுதான்.

இது விளங்கியதால் விரல் திருந்திவிடவில்லை.
நாலாம் விரல் இன்னும் முந்துகிறது,
இரண்டாம் பக்கத்தில் இன்னும் தடக்குகிறேன்.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னே ஓரிடத்தில்
அந்தத் தட்டல் நின்றுபோகிறது.
உயரத்தில் ஒரு குரல் மட்டும், துணை இல்லாமல்.
ஏழு மாதமாய் அந்த இடத்தைப்
பாலமில்லாத கால்வாயைப் பாய்வதுபோல் தாண்டினேன்.
நேற்று ஹெமின்.
மாத்தறை ரயில் போய் முடிந்து
தண்டவாளத்தின் நடுக்கம் ஜன்னலில் இருந்தது.
கீழே ரிஸ்னா குழாயை மூடினாள்.
பிள்ளை அழவில்லை.
பிறகு கட்டையை அமுக்கினேன்,
தாளில் அதற்கு இப்போது என்ன பெயர் என்று பாராமல்.
ஒட்டியது.
நகத்தால் கிளப்பிவிட்டு,
மறுபடி.