எக்ஸ்பிரஸ் ரோட்டில் சவாசனம்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில்
என் வண்டிக்கு முன்னால் நூற்றுப் பதினேழு டிரெய்லர்.
இறங்கிப் போய் எண்ணிவிட்டு வந்தவன் கிளீனர் சம்மந்தம்.
ரோட்டுக்கு எக்ஸ்பிரஸ் என்று யார் பெயர் வைத்ததோ.
ஜீரோ கேட் போய்ச் சேர நாளை மதியம் ஆகுமாம்.
நேற்றும் அதையேதான் சொன்னார்கள்.

வண்டி நின்றுவிட்டது, இடுப்பு நிற்கவில்லை.
இருபத்திரண்டு வருசத்துக் குழிகள்
ஒவ்வொன்றாய் எழுந்து வந்து
முதுகெலும்பின் மேல் டயர் ஏற்றுகின்றன.

தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரி மாடியில்
ஆயுர்வேத டாக்டர் ஸ்ரீலேகா
நாடி பிடித்துப் பாலக்காட்டுத் தமிழில் சொன்னார்:
"வாதம் ஏறிப் போச்சு. ராத்திரி முழிக்கப்படாது.
நேரத்துக்கு உண்ணணும், நேரத்துக்கு உறங்கணும்."
எந்த நேரத்துக்கு என்று கேட்டேன்.
லோடு நேரத்துக்கா, கஸ்டம்ஸ் நேரத்துக்கா,
கப்பல் நேரத்துக்கா?
பேனாவை மூடி வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
பிறகு திறந்து தைலம் எழுதினார்,
பக்கத்து அறைக்கு ஒரு சீட்டும்.

பக்கத்து அறையில் யோகா டீச்சர் நிலோஃபர்.
மண்ணடிக்காரி.
"மூச்சை நல்லா இழுங்க" என்றதும்
நாங்கள் ஏழு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.
காற்று மணலிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.
அவளும் மோந்து பார்த்தாள்.
"இன்னிக்கு மூச்சு வேணாம், காலை நீட்டுவோம்."
அந்த ஒரு பேச்சுக்காகவே
அவள் சொன்ன மற்றதையெல்லாம் செய்தேன்.

"இப்ப சவாசனம். பிணம் மாதிரிப் படுங்க"
என்றபோது மட்டும் யாரும் அசையவில்லை.
ஏழு பேரில் நாலு பேர் டிரைவர்கள்.
ரோட்டில் அப்படிப் படுத்தவர்களைப் பார்த்தவர்கள்.

இன்றைக்கு என் டிரெய்லர் காலி.
நாற்பதடி இரும்புத் தளம்,
பகல் வெயிலை இன்னும் அடியில் வைத்திருக்கிறது.
டீ போடும் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து
தைலப் பாட்டிலை அதில் இறக்கினான் சம்மந்தம்.
நாளைக் காலை டீ நாறும். நாறட்டும்.
ஸ்பேனர் பிடித்த கட்டைவிரல்
வலி இருக்கிற போல்ட்டைத் தானே கண்டுபிடித்தது.
அரைமணி தேய்த்துவிட்டு
பீடி வாங்கக் காசிமேடு பக்கம் நடந்தான்.

லுங்கியை விரித்து மல்லாந்தேன்.
வலது கால் சொன்னதும் தளர்ந்தது.
இடது கால் கிளட்சை விடமாட்டேன் என்றது.
விடுப்பா, வேற எவனாவது மிதிப்பான் என்றேன்.
தாடைக்குள் ஒரு ஹாரன் அமுங்கிக் கிடந்தது,
அதையும் மெல்ல எடுத்தேன்.
அந்தப் பக்கம் கல்சுவரில் கடல் மோதுகிறது.
மோதட்டும், அது என் ஷிஃப்ட் இல்லை.

"டேய், மேல ஆளு கெடக்குதுடா!"
டார்ச் வெளிச்சம் இமைமேல் சிவந்தது.
யாரோ ஏறும் சத்தம்.
மூக்கருகே ஒரு விரல், கோவில்பட்டிப் பேச்சு:
"மூச்சு இருக்குவே."
"எத்தன கட்டிங்?"
"சரக்கு இல்ல. ஏதோ எண்ணெ வாடை."
எல்லாம் கேட்டது.
கூப்பிட்டால் ஓடி வரும் என் பெயர்
அன்றைக்கு வரவில்லை.

தூரத்தில் இன்ஜின்கள் உறுமின.
வரிசை நகர்கிறது.
எழுந்திரு என்றது கிளட்ச் கால்.
கோவில்பட்டிக்காரர் குரல் கீழிறங்கியது:
"நாலு வண்டி நீளந்தானே, படுக்கட்டும்."

பின்னால் எத்தனை டிரெய்லர் நின்றதோ தெரியாது.
ஒருத்தனும் ஹாரன் அடிக்கவில்லை.
இந்த ரோட்டில் நடந்தது இது,
சொன்னால் சம்மந்தமே நம்பமாட்டான்.

விழித்தபோது விடிந்திருந்தது.
லுங்கியில் என் முதுகு எண்ணெயாய்ப் பதிந்திருந்தது.
வண்டிக்கு முன்னால் நாலு வண்டி நீளத்துக்குக் காலி ரோடு.
அதன் நட்டநடுவில் ஒரு நாய்
நாலு காலையும் விட்டெறிந்துவிட்டு
மல்லாந்து கிடந்தது.