ஐம்பது விநாடி

இந்த அணையைப் பன்னிரண்டு முறை உடைத்துவிட்டேன்.
செவ்வாய்க்கிழமை மட்டும் நான்கு தடவை.
பிளவின் அகலம், சரிவு,
இடிந்து முடிய எத்தனை நிமிடம்:
கேட்கிற கட்டங்களில் எண்களைத் தட்டினால் போதும்,
கல்லும் களிமண்ணும் சொன்ன பேச்சு கேட்கும்.
குத்தாய்சியில், மூன்றாம் மாடியில்,
ஹீட்டர் மேல் காலுறை காயவைத்தபடி
ஒரு பள்ளத்தாக்கை மூழ்கடிக்கிறேன்.
சத்தமே இல்லை.
திரையில் வருவது நீலம்.
நிஜத்தில் அது நீலமாக இராது,
முதலில் வருவது தண்ணீராகவே இராது:
மரம், கூரைத்தகரம், பன்றி, பாலம்.
அதற்கெல்லாம் என் சமன்பாட்டில் இடமில்லை.

நிலத்துக்கு மட்டும் உண்டு.
எந்த நிலம் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
தார்ச்சாலை வழுக்கிவிடும்.
மக்காச்சோளக் கொல்லை கொஞ்சம் இழுத்துப் பார்க்கும்.
ஓட்சாலேயின் ஹேசல்நட் தோப்போ
ஒரு வேருக்குப் பத்துத் தண்டாய்
காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைபோல
வெள்ளத்தை நிறுத்திவைக்கும்.

சரிபார்க்கப் போனேன்.
சாட்டிலைட் படத்தில் இருந்த தோப்பு
அங்கே இல்லை.
நாற்றப்பூச்சி, என்றார் போந்தோ.
மூன்று வருஷம் பருப்பெல்லாம் சொத்தை.
போன டிசம்பரில் வெட்டிவிட்டேன்.
மொட்டை நிலம். அதில் ஒரு பசு,
அதன் நிழல்.

அளவுகோலை ஊன்றினேன். கேட்டார்:
எப்போது உடையும், கல்பதோனோ?
உடையாது.
பின்னே எதை அளக்கிறீர்கள்?
உடைந்தால் என்பதை.
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

தோப்பிருந்த இடத்துக்குக் கீழே கல்லறைத் தோட்டம்.
அங்கே அவர் அண்ணன் ஓத்தியா,
கறுப்புக் கல்லில் செதுக்கிய முகமும் சிகரெட்டுமாக.
பக்கத்தில் மேசை, பெஞ்சு. வழக்கம் அப்படி,
ஈஸ்டருக்கு வந்து இறந்தவரோடு சாப்பிடுவார்கள்.
எனக்குக் கோப்பையில் ஊற்றினார், அண்ணனுக்கு மண்ணில்.
இவனுக்கு எத்தனை நிமிடம்?
பதினொன்று, என்றேன்.
தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவன்,
இதற்காவது ஊரில் முதல் ஆள்.
சிரித்தார். நானும் சிரித்தேன்.
சிரித்த பிறகுதான்
அவர் வீடு எந்தக் கட்டத்தில் என்று நினைவு வந்தது.

அன்றிரவே எண்ணை மாற்றினேன்.
தோப்பை அழித்து மேய்ச்சல்நிலம் என்று எழுதினேன்.
பதின்மூன்றாம் முறை உடைத்தேன்.
பதினொன்று அல்ல.
பத்து நிமிடம், பத்து விநாடி.

தொலைபேசியில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது,
கையெழுத்தாகும்வரை அறிக்கை ரகசியம்.
நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
அந்த மரங்களா ஐம்பது விநாடி?
அந்த மரங்கள்தான்.
மறுபடி நட்டால்?
வளர ஐந்தாறு வருஷம்.
அதுவரை உடைத்துவிடாதீர்கள், என்றார்,
சாவி என்னிடம் இருப்பதுபோல.
பிறகு, பக்கத்தில் யாருக்கோ சொல்லும் குரலில்:
பூட்ஸ் மாட்ட எனக்கு அவ்வளவு ஆகும்.
குனிந்தால் முதுகு பிடிக்கிறது.