இரண்டாம் சாவி

கிளீவ்லாந்து, பிப்ரவரி. சலவைக் கடைக்கு மேல்மாடி.
கீழே இயந்திரங்கள் சுழலச் சுழல
மேசைமேல் என் காப்பிக் கோப்பை நடுங்கியது.
நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்டுபோயிருந்தேன்,
மூச்சிரைப்பு பற்றி.
முதல் கேள்வி: புகைப்பீர்களா?

ஒடெஸா த்ரெட்கில் அதைப் படிக்கவே இல்லை.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கையுறையைக்கூடக் கழற்றாமல்
ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து வைத்தார்.
தொண்ணூற்று நான்கு, மார்ச். குழாய் எண் 318.
"என் மகன் ரத்தம். அப்போ அவனுக்கு ஆறு வயசு.
முடிவு வந்ததும் கூப்பிடுவோம்னு சொன்னாங்க உங்க ஆட்கள்.
அது இப்போ எங்கே?"

அந்த வருடம் நானே பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன்
என்று சொல்ல வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.

மூன்று வாரம் தேடினேன்.
ஏதோ ஒரு கோடையில் மின்சாரம் போய்
உறைபெட்டி உருகி
எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார்கள்.
பதிவேட்டில் ஒரே வரி. பெயர்கள் இல்லை.

திரும்பிப் போய் அதைச் சொன்னேன்.
பதினோரு பேர். ஒருவரும் திட்டவில்லை;
திட்டியிருந்தால் தேவலை.
கீழே யாருடைய துணியோ உலர்ந்து மணி அடித்தது.

பிறகு லெமுவல் பென்சில் கேட்டார்.
என் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார்:
எஞ்சினை அணைக்காமல் லாரிகள் நிற்பது எத்தனை மணிக்கு?
யார் வீட்டு ஜன்னல் திறப்பதில்லை?
முன்பு கேட்டவர்கள் திரும்பி வந்தார்களா?
புகைப்பது பத்தொன்பதாவதாகப் போயிற்று.

இப்போது உறைபெட்டிக்கு இரண்டு பூட்டு.
ஒரு சாவி என்னிடம். மற்றது
பேருந்துச் சாவியோடு ஒடெஸாவின் இடுப்பில்.

நேற்று பனிப்பொழிவு. அவர் வர நேரமாயிற்று.
கையைத் தேய்த்துக்கொண்டு
வாசலில் நின்றிருந்தேன்.