மாதிரி எண் 41

நீதிபதி விடுப்பு என்று
பத்தரை மணிக்கே சொல்லிவிட்டார்கள்.
சின்னப்பாலம் போகிற பஸ் இரண்டேகாலுக்கு.
வக்கீல் குமாஸ்தா சொன்னார்:
"பின்னாடித் தெருவுல கடல் மியூசியம் இருக்கு,
பத்து ரூபாதான், ஃபேன் ஓடும்."
கடலைப் பார்க்கப் பத்து ரூபாயா என்றாள்
நாத்தனார் நம்புசெல்வி.
ஃபேனுக்காகப் போனோம்.

உள்ளே ஆஸ்பத்திரி வாடை.
சாடிகளுக்குள் மீன்கள் நட்டமாக நின்றன,
வரிசையில் யாரோ நிறுத்திவைத்த மாதிரி.
கிளிமீனில் பச்சை இல்லை. நவரையில் சிவப்பு இல்லை.
எல்லாம் துவைத்துப் பழசான வேட்டி நிறம்.
வாயைப் பார்த்துத்தான்
இன்னது இன்னது என்று கண்டுபிடித்தோம்.
நம்பு விலை சொல்லிக்கொண்டே வந்தாள்:
இது நானூறு. இது கருவாட்டுக்கு.
இது பூனைக்கு.

அட்டையில் ஒட்டி, சட்டம் போட்டு
மரிக்கொழுந்துப் பாசி.
நூல் நூலாகப் பிரித்து
தலைசீவி உட்காரவைத்திருந்தார்கள்.
நான் பறிக்கையில் அது இப்படி இருந்ததேயில்லை.
பாறையை விடாது; பாறை என் விரலை விடாது.
துணி சுற்றித்தான் இறங்குவோம்,
அப்படியும் மூன்றாம் நாள் உப்பு உள்ளே போய்விடும்.

நடுக்கூடத்தில் ஆவுளியா.
எலும்பு மட்டும், கம்பியில் தொங்க.
துடுப்பு என்று நினைத்திருந்தேனே,
அதற்குள் ஐந்து விரல்.
எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.
"எங்கய்யா காலத்துல தின்னிருக்காக, மாட்டுக்கறி ருசியாம்"
என்று ஆரம்பித்த நம்புவை இடித்தேன்.
மெதுவாப் பேசுடி,
அதுக்கும் ஒரு கேஸ் போட்டுருவான்.

இவரைக் காணவில்லை.

கடைசி அலமாரி முன்னால் நின்றிருந்தார்.
குழல் விளக்கு, கண்ணாடி, வெள்ளைத் துணி விரிப்பு.
அதன்மேல் சாடியில்
வெள்ளை அட்டை, இரண்டு.
மாதிரி எண் 41. சேகரித்த இடம்: பாம்பன்.
சேகரித்தவர் பெயர் ஆங்கிலத்தில், பட்டங்களோடு.
இவரிடம் பிடித்தது முப்பத்தேழு.
அதற்கும் எண் போட்டார்கள்,
சேகரித்தவர் பெயரும் எழுதினார்கள்,
அப்பா பெயரோடு, அங்க அடையாளத்தோடு.

சீட்டில் எழுதியிருந்ததை
எழுத்துக் கூட்டி நான்தான் வாசித்தேன்:
"அச்சமுற்றால் தன் குடலை வெளியே தள்ளும்.
சில வாரங்களில் புதிய குடல் வளரும்."
இவர் ஒன்றும் சொல்லவில்லை.
அன்று ராத்திரி ஸ்டேஷனில்
வாங்கின ஆள், கொடுத்த ஆள், வள்ளத்துக்காரர்
எல்லார் பெயரையும் சொல்லிவிட்டு வந்தவர்.
வெளியே விட்டு இரண்டு வருஷம்.
வள்ளத்துக்காரர் வீட்டில் காதுகுத்து நடந்தது,
எங்களுக்குச் சொல்லவில்லை.
இன்னும் பாதிச் சோறுதான் சாப்பிடுகிறார்.

கண்ணாடியில் விரல் வைத்தார்.
"தொடாதீங்க" என்று காவலாளி எழுந்து வந்தார்.
"தொட்டதுக்குத்தாண்ணே வாய்தாவுக்கு வந்தோம்"
என்று சிரித்தார் இவர்.
காவலாளிக்குப் புரியவில்லை.
எனக்கு அந்தச் சிரிப்பு புதுசு. இல்லை,
பழசு; ரொம்ப நாளாகப் பார்க்காதது.

வாசலில் ஒரு நோட்டு நீட்டினார்கள்.
பெயர், ஊர், தொழில், கருத்து.
தொழில் கட்டத்தில் பேனா வைத்து
மை ஊறும்வரை நின்றார்,
அப்புறம் ஒரு கோடு போட்டுவிட்டுக் கொடுத்தார்.
நம்பு எழுதினாள்:
மீன்களுக்குக் கொஞ்சம் கலர் அடிக்கலாம்.
ஃபேன் நன்றாக இருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது.
பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர்;
வடக்கே தெளிவு, தெற்கே கலங்கல்.
கச்சான் எடுத்துவிட்டது, இனி பாசிக்கு இறங்க முடியாது.
"அடுத்த தடவை உள்ளே நல்லாப் பாக்கணும்,
அந்தச் சங்கு அலமாரியை விட்டுட்டோம்" என்றார் இவர்,
வாய்தாத் தேதி எழுதின துண்டுச்சீட்டை
சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டே.
அது வெள்ளிக்கிழமை.
வெள்ளிக்கிழமை விடுமுறை என்று
மியூசியம் கதவில் எழுதியிருந்தது.
நான் சொல்லவில்லை.