ஒன்பது வோல்ட்

மைனஸ் முப்பத்து நாலு என்றது றேடியோ.
குகதாசன் சிரித்தான்:
"முப்பதுக்குக் கீழே எல்லாம் ஒரே குளிர்தான் மச்சான்,
இலக்கம்தான் சும்மா நடுங்குது."

வினிபெக்கின் தெருவில் கார்கள்
மூக்கில் வயர் செருகிய நோயாளிகள்போல
வரிசையாகக் கிடந்தன.
எங்களுக்கும் இருந்தது ஒரு கார்,
அதற்கொரு செம்மஞ்சள் வயர்.
கார் செத்த கிழமை
வயர் வீட்டுக்குள் வந்தது.
காப்பெட்டுக்குக் கீழால் ஊர்ந்து போய்
ஹீற்றரின் வாலைக் கவ்வியது.

நிலக்கீழ் வீட்டில் மூன்று பேர்,
மூன்று வேலைநேரம், இரண்டு கட்டில்.
ஒருவன் எழும்பிய சூட்டில் மற்றவன் படுப்பான்.
ஓய்வே இல்லாதது ஹீற்றர் மட்டும்.
அதன் தலையில் காலுறை காயும்,
சில நாள் பாணும் சுடும்.

கூரையில் ஒரு வெள்ளை வட்டம்.
செத்தல் மிளகாய் எண்ணெயில் விழுந்தால் போதும்,
வீறிட்டு அழும்.
மேல்வீட்டு ஒக்ஸானா
மூன்று தரம் இறங்கி வந்தாள்,
கையில் ஈரத் துவாயோடும்
வாயில் எங்களுக்குப் புரியாத ஏச்சோடும்.
நாலாம் தரம் அவள் வரவில்லை.
நான்தான் கதிரையில் ஏறி
வட்டத்தின் வயிற்றைத் திறந்து
பற்றரியை எடுத்திருந்தேனே.
அன்றைக்குக் கத்தரிக்காய்
நிம்மதியாகத் தாளிபட்டது.

நேற்று
பேக்கரியிலிருந்து திரும்பும்போது விடிய நாலு மணி.
கதவைத் திறந்தால்
புகை இல்லை,
பொம்மையொன்று உருகுவதுபோல ஒரு மணம்.
அருமைநாதன் வாயைத் திறந்து தூங்கினான்.
அவன் போர்வையின் நுனி
ஹீற்றரின் சிவந்த பல்லுக்கு ஒரு சாண் தள்ளித்
தொங்கியது, நழுவியது, தொங்கியது,
அவன் மூச்சுக்கு ஏற்ப.

சப்பாத்தைக் கழற்றிக் காலை வைத்தேன்.
காப்பெட் காய்ந்தது,
காய்ச்சல்காரனின் நெற்றிபோல.
தூக்கிப் பார்த்தேன்.
அடியில் நீளமாய் ஒரு பழுப்புக் கோடு,
பாம்பு படுத்து எழுந்த தடம்.
சுவரில் பிளக்கின் முகம் கருகி,
பிடுங்கியபோது
ஒரு கால் உள்ளேயே நிற்கப் பார்த்தது.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.
நடக்காதது செய்தியில் வராது.

குளிருக்கு விழித்த அருமைநாதன்
"ஆரடா நிப்பாட்டினது?" என்று கத்தினான்.
பிளக்கை அவன் கையில் வைத்தேன்.
அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
பிறகு
தன் காலுறையை எடுத்து மடித்து
சட்டைப்பைக்குள் வைத்தான்,
களவெடுத்த பொருளைப்போல.

கோட்டுப் போட்டபடி தேத்தண்ணி குடித்தோம்.
குகதாசன் சொன்னான்:
"ஷெல்லுக்குத் தப்பி வந்தனாங்கள்,
காலுறைக்குச் சாகப் பாத்தம்."
இம்முறை அவனும் சிரிக்கவில்லை.

விடிந்ததும் ஒக்ஸானாவிடம் போய்ச் சொன்னேன்.
ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசவில்லை.
சூளை அறையைத் திறந்து
வடிதட்டை இழுத்தாள்:
சாம்பல் நிறத்தில் ஒரு பூனை அளவு தூசி.
அதைத்தான் இரண்டு குளிர்காலமாய்
எங்கள் வீடு மூச்சாக இழுத்திருக்கிறது.
இப்போது அவள் தன்னையே ஏசினாள்.
அது புரிந்தது.

புதுத் தட்டு வந்தபின் வீடு சூடானது,
ஆனாலும் விறைக்கிற இரவுகளில் ஹீற்றர் வேண்டும்.
கட்டிலுக்கு மூன்று அடி, திரைச்சீலைக்கு மூன்று அடி
என்று அருமைநாதன் சப்பாத்தால் அளந்தான்.
கடைசியில் மிஞ்சியது நடுவழி மட்டும்.
சொந்தக்காரர்போல நடுவீட்டில் அது நிற்க,
நாங்கள் சுற்றிப் போகிறோம்.
வயர் இல்லை, நேரே சுவரில்.
படுக்குமுன் யாரோ ஒருவன் அணைக்கிறான்.

பற்றரிதான் கடைசி வேலை.
அது றேடியோவுக்குள் இருந்தது,
இத்தனை நாளும் எங்களுக்குக் குளிரைச் சொல்லிக்கொண்டு.
கழற்றி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன்.
சுள்ளென்று ஒரு புளிப்பு.
உயிர் இருக்கிறது.

கதிரையில் ஏறி அழுத்தினேன்.
ஒருமுறை வீறிட்டது.
மேலே ஒக்ஸானா
குதிக்காலால் தரையை இருமுறை தட்டினாள்.

இன்றைக்கு எத்தனை மைனஸ் என்று தெரியாது.
றேடியோ பேசவில்லை.
வெங்காயம் வெட்டுகிறேன்,
துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு.